சிம்னி வேலை, முனிலட்சுமி

மூக்கண்டப்பள்ளியில் கரியப்பன் கட்டிய புதுவீட்டின் மொட்டை மாடியில், பால் காய்ச்சும் நாளன்று காலையில், வைக்கோல் அடைத்த திருஷ்டி பொம்மை ஒன்றைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முனிலட்சுமி நின்றாள். கீழே தெருவை அடைத்துப் பந்தல். நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்க ஊதிக்கொண்டிருந்தார். வந்த சனமெல்லாம் வீட்டுக்குள் போக, இவள் மட்டும் வீட்டுக்கு மேலே. பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் உண்டுதான், ஆனால் அன்றைக்கு அவள் அங்கே நின்றது அதனால் அல்ல.

அவள் பிறந்தது தேன்கனிக்கோட்டைக்கு அந்தப்புறம், காட்டை ஒட்டிய ஒரு ஊரில். கேழ்வரகு முற்றுகிற பருவத்தில் யானை இறங்கும் என்று மரத்தில் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். அவள் வீட்டில் பரண் ஏறியது அண்ணன்மார் இல்லை, இவள்தான். காரணம், குரல். இவள் ஒரு கத்து கத்தினால் யானை போகிறதோ இல்லையோ, பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். உயரத்தில் உட்கார்ந்து உலகத்தைக் கீழே பார்க்கிற ருசி அவளுக்கு அங்கேதான் பிடித்தது. கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்த பிறகு அந்த ருசிக்கு வழியில்லை. தொழிற்பேட்டைக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடு. கையைத் தூக்கினால் கூரை இடிக்கும்.

புருஷன் சென்னப்பனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. தங்கமான மனுஷன். ஒரே ஒரு சங்கடம், பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறினாலே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாமி பேர் சொல்ல ஆரம்பித்துவிடுவான். கண்ணை மூடிக்கொண்டு பல்பு மாற்ற முடியாது என்பதால் அதுவும் இவள் வேலையாயிற்று.

எண்பதுகளின் நடுவில் ஒன்றிய ஆபீசில் பெண்களைக் கூப்பிட்டுப் புகையில்லா அடுப்பு கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். களிமண் அடுப்பு, இரண்டு வாய், பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற சிமெண்டுக் குழாய். மற்றப் பெண்கள் களிமண் வேலையைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். முனிலட்சுமிக்குக் குழாய்மேல் ஆசை வந்துவிட்டது. அடுப்பு கட்டுவதோடு கதை முடிந்தது என்று எல்லாரும் இருந்துவிட, குழாயில் கரி ஏறி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் புகை திரும்பி வரும். திரும்பி வராவிட்டால் அதைவிட மோசம், உள்ளே ஒட்டின கரி ஒருநாள் தீப்பிடித்துக் கூரைக்குத் தாவும். உத்தனப்பள்ளிப் பக்கம் அப்படி ஒரு கூரை போனபிறகு சனம் பயந்துபோய்க் குழாய் துடைக்க ஆள் தேடியது. முனிலட்சுமி ஏணியோடு போய் நின்றாள்.

அன்றிலிருந்து அதுவே அவள் தொழில். ராயக்கோட்டை ரோட்டில் ஓடுகிற பஸ் கண்டக்டர்கள் எல்லாருக்கும் அவளையும் தெரியும், அவள் ஏணியையும் தெரியும். ஏணிக்கு டிக்கெட் போடுவதா லக்கேஜ் போடுவதா என்று அவர்கள் யோசிப்பதற்குள் அவள் மேலே கட்டிவிட்டு இறங்கியிருப்பாள். லீவு நாளில் சென்னப்பனும் கூட வருவான். ஏணியின் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேலே மட்டும் பார்க்காமல் நிற்பது அவன் பங்கு.

கூரை உச்சியில் நின்று குழாய்க்குள் ஈச்சமட்டையை விட்டு ஒரு குடை குடைந்து, அடைப்பு விட்டுப்போய், கீழே அடுப்பு 'ஹோ' என்று காற்றை இழுக்கிற அந்த நேரத்தில் அவளுக்குத் தலை கிறுகிறுக்கும். சந்தோஷத்தில் வருகிற கிறுகிறுப்பு. அங்கேயே நின்று சிரிப்பாள். கீழே இருப்பவர்கள், "என்னாச்சும்மா?" என்பார்கள். என்னவென்று சொல்வது? காற்று மேலே வருகிறது என்பதற்காக ஒருத்தி சிரிக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்.

ஆனாலும் ஒரு கடுப்பு அவளுக்குள் இருந்தது. ஊரில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. புகைக்காரி என்பார்கள், ஏணிக்காரி என்பார்கள், சென்னப்பன் பெண்சாதி என்பார்கள். அதையும் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது, புதுவீட்டுப் பால் காய்ச்சும் நாள்தான். பால் பொங்கியதும் வீடு கட்டினவர்களை வரிசையாக நிற்க வைத்து, வேலையையும் பேரையும் சொல்லிக் கூப்பிட்டு, வேட்டியும் துண்டும் வைத்த தாம்பாளத்தைக் கொடுப்பார்கள். கொத்து வேலை இன்னார், மர வேலை இன்னார், வயர் வேலை இன்னார். அவள் அடுப்பு கட்டிய வீடுகளில் அந்த அடுப்புக்கும் சேர்த்து மேஸ்திரிதான் தட்டு வாங்குவார். அவளைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்து மஞ்சள் குங்குமமும் ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு தடவை நின்றுவிட வேண்டும், தன் பேர் சபையில் ஒலிக்கக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசையை ஆசை என்றே சொல்ல முடியாது. வெறி.

அப்போதுதான் கரியப்பன் வீட்டு விவகாரம் வந்தது.

கரியப்பன் விவசாயி. தொழிற்பேட்டைக்கு நிலம் போனபிறகு மூக்கண்டப்பள்ளியில் பெரிதாக வீடு கட்டினார். சின்ன வயதில் தளிப் பக்கம் வெள்ளைக்காரன் பங்களா ஒன்றில் சுவருக்குள் நெருப்பு எரிவதைப் பார்த்திருக்கிறார். குளிருக்கு அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்காருவதுதான் வாழ்க்கை என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. ஓசூர்க் குளிர் சும்மா இருக்குமா, அதுவும் கூடச் சேர்ந்து தூண்டியது. கூடத்தின் சுவரில் கணப்பு ஒன்று கட்டச் சொன்னார். பெருமாள் மேஸ்திரி தன் ஆயுளில் கணப்பைப் பார்த்தவரில்லை. கரியப்பன் காற்றில் கையை ஆட்டிக் காட்டியதைப் பார்த்தே கட்டி முடித்தார்.

முதல் தடவை நெருப்பு மூட்டிப் பார்த்தபோது புகை முழுவதும் கூடத்துக்குள் வந்தது. வெள்ளையடித்த சுவர் சாம்பல் நிறமாகிப் போனது. கரியப்பன் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

பெருமாள் மேஸ்திரி அசரவில்லை. "வெள்ளக்காரன் ஊரு காத்து வேற, நம்மூரு காத்து வேறங்க. அதுக்கு நான் என்னா பண்ண?" என்றார்.

கரியப்பனின் மனைவி வெங்கடம்மாள், "அடைச்சுப் பூசிப்புட்டு அதுல ஒரு ஷோகேஸ் வெச்சிடுங்க" என்றிருப்பார். ஆனால் அப்படிச் சொல்ல முடியாமல் ஒரு சிக்கல். தெருப் பார்வைக்கு ஜன்னல் வேண்டும் என்ற அந்தம்மாவின் பிடிவாதத்தால் சமையலறை அக்கினி மூலையை விட்டு வேறு பக்கம் போயிருந்தது. அக்கினி மூலையில் அடுப்பில்லாத வீட்டில் எங்கே பால் காய்ச்சுவது என்று ஜோசியர் கையை விரித்துவிட்டார். அக்கினி மூலையில் இருந்ததோ அந்தக் கணப்பு. அதில்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பெங்களூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். நாளும் குறித்தாயிற்று.

கரியப்பன் ஆள் தேடி அலைந்தார். ஒரு கம்பெனி பாய்லர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீம் எங்க வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெங்களூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒருவர், இடித்துவிட்டு கரண்ட் ஹீட்டர் வையுங்கள் என்றார். கடைசியில்தான் யாரோ ஏணிக்காரியைச் சொன்னார்கள்.

முனிலட்சுமியும் கணப்பைப் பார்த்தவளில்லை. ஆனால் அதை ஒத்துக்கொள்கிற ரகமும் இல்லை. "இது என்னாண்ணா பிரமாதம், எங்க அடுப்புக்கு அண்ணன். அவ்ளோதான்" என்றாள்.

"கூலி என்னாம்மா கேக்கற?"

"கூலி கெடக்குது. பால் காச்சற அன்னிக்கி மேஸ்திரி, ஆசாரி எல்லாத்தயும் நிக்க வெச்சித் தட்டு குடுப்பீங்கல்ல, அந்த வரிசைல நானும் நிக்கணும். பேரு சொல்லிக் கூப்புடணும். ஒத்துக்கறீங்களா?"

கரியப்பனுக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. "நில்லும்மா, பேஷா நில்லு. மொதல்ல பொகய நிறுத்து" என்றார்.

கணப்புக்குள் படுத்து முகம் பார்க்கிற கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள். மேலே வானம் தெரியவேண்டிய இடத்தில் ஒரே இருட்டு. மாடிக்கு ஏறினாள். அங்கே சிம்னியின் வாயில், மீசை வரைந்த பானைத் தலையோடு, பழைய பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு திருஷ்டி பொம்மை நின்றுகொண்டிருந்தது. கட்டடத்திலேயே உயரமான இடம் அது, பொம்மையை நிறுத்த வாகாக ஓட்டையும் இருந்தது என்று அதன் வைக்கோல் கால்களைச் சிம்னிக்குள்ளேயே திணித்து நிறுத்தியிருந்தார்கள். முனிலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடியில் ஏணியைப் பிடித்திருந்த சென்னப்பன், "என்னா புள்ள, என்னா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

பொம்மையைச் சாய்த்துவிட்டு உள்ளே பார்த்தால், அதற்கும் கீழே இன்னொரு அடைப்பு. சாந்து கீழே விழாமல் இருக்கப் பெருமாள் மேஸ்திரியின் ஆட்கள் சிமெண்டு மூட்டைச் சாக்குகளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துபோனார்கள். கிணற்றில் விழுந்த வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, ஒவ்வொரு சாக்காகக் கொக்கி போட்டு இழுத்தாள். சாக்கு வர வர ஒரு கூக்குரல் கொடுத்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. பெருமாள் மேஸ்திரி மட்டும் டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு ஈச்சமட்டைக் கட்டைக் கயிற்றில் ஏற்றி இறக்கி, உதிரிச் சாந்தெல்லாம் விழும்வரை தேய்த்தாள். கணப்புக்கு மேலே தொங்கிய நைலான் திரையைக் கழற்றச் சொன்னாள். பிளாஸ்டிக் பூவையும் சோபாவையும் தள்ளி வைக்கச் சொன்னாள். பக்கத்தில் ஒரு வாளி மணல். எல்லாம் செய்துவிட்டு ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கணப்புக்குள் நீட்டினாள். தீ அப்படியே மேலே வளைந்து, புகை ஒரு கீற்றுகூட வெளியே வராமல் 'ஹோ' என்று போனது. கரியப்பன் கைதட்டிவிட்டார்.

பொம்மையில்தான் தகராறு வந்தது. வெங்கடம்மாளுக்கு மூன்று பாஷை. சாமிக்குக் கன்னடம், சண்டைக்குத் தெலுங்கு, மற்றதற்கெல்லாம் தமிழ். அன்றைக்குத் தெலுங்கில்தான் ஆரம்பித்தார். பொம்மை வைப்பதற்கு முன்னால் சாரத்திலிருந்து ஆள் விழுந்திருக்கிறது, வைத்தபிறகு ஒருவருக்கும் நகக்கீறல் இல்லை, பால் பொங்குகிறவரை அது வீட்டின் உச்சியை விட்டு இறங்கவே கூடாது. இதுதான் அவர் வாதம்.

"அக்கா, சிம்னி வாயில வைக்கலு. அடியில நெருப்பு. மொதல்ல பொம்ம எரியும், அப்பறம் பந்தலு எரியும்" என்றாள் முனிலட்சுமி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எறங்கக் கூடாதுன்னா எறங்கக் கூடாது."

வேறு எங்காவது நட்டு வைக்கலாம் என்றால் மாடியில் கைப்பிடிச் சுவர்கூட இன்னும் எழும்பவில்லை. பொம்மையைத் தொட்டால் திருஷ்டி தன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று ஆட்கள் பின்வாங்கினார்கள். முனிலட்சுமிக்கு நாக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். "அவ்ளோதானே? பால் பொங்கறவரைக்கும் நானே தோள்ல தூக்கி வெச்சிக்கிட்டு மேல நிக்கறன். உச்சியில இருக்கும், பத்திக்கவும் பத்திக்காது" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் சென்னப்பன் அவளை இடித்தான். அவள் மேலே நின்றால், கீழே வரிசையில் யார் நிற்பது?

"பால் பொங்குனதும் ஒரே ஓட்டமா எறங்கிருவன் மாமா" என்றாள்.

இப்படித்தான் அன்று காலை அவள் மாடியில் நின்றது. பனி விலகி இளவெயில் வந்திருந்தது. பொம்மை தோளில் உட்கார்ந்து இரண்டு வைக்கோல் காலையும் அவள் மார்பில் தொங்கவிட்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். கீழே கணப்பில் நெருப்பு மூட்டினார்கள். சிம்னியிலிருந்து வெள்ளைப் புகை நூல் பிடித்தாற்போல் நேராக ஏறியது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கிறுகிறுவென்று வந்தது. ஆடக்கூட ஆடினாள். பொம்மையும் சேர்ந்து ஆடியது.

அப்போதுதான் சிம்னிக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்டது. புகை வருகிற வழியில் குரலும் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம். கணப்புக்குப் பக்கத்தில் நின்று புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசியது அப்படியே ஏறி வந்தது.

"ஏமண்டி, அந்தப் பொகக்காரிக்கும் தட்டு குடுக்கறதாச் சொன்னீங்களாமே? மேஸ்திரி சொல்றாரு."

"ஆமா, வாக்கு குடுத்துட்டன்."

"பொம்பளைக்கி வேட்டி துண்டா? சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா சிரிப்பாங்க. நான் ஒரு ரவிக்கத் துணி வெச்சிக் குடுத்துக்கறன். பேரெல்லாம் கூப்புட வேணாம்."

கரியப்பன் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

முனிலட்சுமிக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. அழுகை வரும்போலிருந்தது, அது வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. புகையையும் பார்க்காமல் சிம்னி வாயில் முகத்தை வைத்து, பரணில் நின்று யானையைப் பார்த்துக் கத்துவாளே அந்தக் குரலில் கத்தினாள்.

"குடுத்த வாக்க மீறுனா இந்தப் பால் பொங்குமா?"

மேலே அது வெறும் கத்தல். கீழே நடந்தது வேறு. அந்த நீளக் குழாய்க்குள் விழுந்து, புரண்டு, பெருத்து, எரிகிற நெருப்புக்குள்ளிருந்து 'பொங்குமா' என்று அது கூடத்துக்குள் வந்தது. மறுபடி ஊதப்போன நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஜோசியர் இரண்டு அடி பின்னால் போனார். மாடியில் ஆள் நிற்பது வெங்கடம்மாளுக்குத் தெரியும், அவர் பிடிவாதத்தால்தானே நிற்கிறாள். ஆனால் நெருப்பு வாய் திறந்து பேசும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பட்டுப் புடவையோடு கணப்பின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் விழுந்ததைப் பார்த்துச் சம்பந்தியம்மாள் விழுந்தார். பிறகு கூடமே விழுந்தது.

சாமி வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சாமி வந்திருக்கிறது என்று பேரைக் கேட்க வேண்டும். பேர் தெரியாமல் எதைப் படைப்பது? வெங்கடம்மாள் தலையைத் தூக்காமலே கன்னடத்தில் கதறினார்.

"தாயி, யாரம்மா நீனு? ஹெசரு ஹேளம்மா!"

பேரைச் சொல்லம்மா என்ற அந்தக் கேள்வி புகையோடு ஏறி முனிலட்சுமியிடம் வந்து சேர்ந்தது. அவளுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். கேட்டது என்ன, கீழே என்ன நடக்கிறது என்பது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனு பேகு தாயி? சீரெ பேகா?" வெங்கடம்மாள் விடவில்லை. என்ன வேண்டும், புடவை வேண்டுமா என்று கேட்கிறார்.

கிறுகிறுப்பு என்றால் அதுதான் கிறுகிறுப்பு. ஏதாவது ஒரு அம்மன் பேரை எடுத்துவிட்டால் போதும். பட்டு கேட்டால் பட்டு, கெடா கேட்டால் கெடா. ஏணிக்காரிக்குத் தட்டு கொடு என்று ஆணையிட்டால் அதையும் நடுங்கிக்கொண்டே கொடுப்பார்கள். அம்மன் சொல்லிக் கொடுத்ததாகத்தான் ஊர் பேசும். சிம்னி சரியாக இழுக்கிறதே என்று ஒருவர் பேச மாட்டார். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் ஒரு சபை முழுக்க அவள் பேரைக் கேட்டு மண்ணில் கிடக்கிறது. அந்த நேரத்தில் போய் வேறு யார் பேரையோ சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"நான் முனிலட்சுமி, அக்கா! இந்த சிம்னி வேல செஞ்சவ! மேலதான் நிக்கறன், பொகைல கண்ணு எரியுது, சீக்கிரம் பாலப் பாருங்க!"

முதலில் சிரித்தது வெளியே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சென்னப்பன். அவன் சிரிப்பு ஜன்னல் வழியாக உள்ளே போக, விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். பெங்களூர் சம்பந்தி கண்ணில் நீர் வழியச் சிரித்தார். வெங்கடம்மாள் எழுந்து உட்கார்ந்து நெற்றியில் சாம்பலோடு மேலே பார்த்து வாயைத் திறந்தார். தெலுங்கு வரப்போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்குள் பால் பானையின் கழுத்தைத் தாண்டி நுரைத்துக்கொண்டு நெருப்பில் வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நாதஸ்வரக்காரருக்கு உயிர் வந்தது.

முனிலட்சுமிக்கு இறங்க வேண்டும், உடனே இறங்க வேண்டும். தோளில் பொம்மையோடு ஏணியில் இறங்க முடியாது. "புடி மாமா!" என்று கத்திவிட்டுப் பொம்மையைக் கீழே போட்டாள். சென்னப்பன் கண்ணை மூடியபடியே இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்தான். பிடித்தவன், பெண்சாதியே விழுந்துவிட்டாள் என்று அதைக் கட்டிக்கொண்டு, "ஏ புள்ள, அடி பட்டுச்சா? பேசு புள்ள" என்று கதறினான். மீசை வைத்த பானைத்தலை அவன் கன்னத்தில் உரசியது. அதைப் பார்த்துத் தெருவில் சிரிக்காதவன் இல்லை. வைக்கோலெல்லாம் தலையில் ஒட்டியிருக்க, முகம் கரியாக, அவள் இறங்கி வந்து அவன் முதுகில் ஒரு அடி வைத்தபிறகுதான் கண்ணைத் திறந்தான்.

அவள் பந்தலுக்குள் ஓடியபோது வரிசை நின்றிருந்தது. கொத்து வேலை, பெருமாள். வாங்கிக்கொண்டார். மர வேலை ஆசாரி வாங்கிக்கொண்டார். வயர் வேலைக்காரரும் வெள்ளையடித்தவரும் வாங்கினார்கள். வரிசையின் கடைசியில் முனிலட்சுமி போய் நின்றாள். கரியப்பனின் கையில் இன்னும் ஒரு தட்டு இருந்தது. கிணறு வெட்டின ஆள் வராமல் போனதால் மீந்த தட்டு. அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெண்சாதியைப் பார்த்தார்.

வெங்கடம்மாள் ரவிக்கைத் துணியும் குங்குமச் சிமிழுமாக வந்துகொண்டிருந்தார். நெற்றியில் அந்தச் சாம்பல் இன்னும் அப்படியே இருந்தது. சபை பார்த்துக்கொண்டிருந்தது.

வெங்கடம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். கரி பிடித்த முகம், தலையில் வைக்கோல், புகையில் சிவந்து நீர் கோத்த கண். தன் கையிலிருந்த ரவிக்கைத் துணியைப் பார்த்தார். அதை அப்படியே பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார்.

"ஊரே பாக்க உன் கால்ல விழுந்துட்டன்" என்றார், நல்ல தமிழில். "அதுக்கு மேல ஒரு தட்டு குடுக்கறதுல எனக்கென்னாடி கொறஞ்சி போவப் போவுது? ஏமண்டி, என்னா முழிக்கறீங்க, கூப்புடுங்க!"

கரியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிம்னி வேலை, முனிலட்சுமி!"

பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. ஆனாலும் ஊரெல்லாம் கேட்கச் சொன்னார். அவள் ஒரு அடி முன்னால் வந்து தட்டை வாங்கினாள். வெற்றிலை ஒன்று கீழே விழுந்தது. துண்டைப் போர்த்துகிற கட்டம் வந்தபோது கரியப்பன் தயங்க, வெங்கடம்மாள் தானே எடுத்து அவள் தோளில் போர்த்தி இழுத்துவிட்டார். பெருமாள் மேஸ்திரிகூட ஓரமாக நின்று கைதட்டினார். மனசார என்று சொல்ல முடியாது, ஆனால் தட்டினார்.

அன்று சாயங்காலமே குளிர் இறங்கிவிட்டது. லைன் வீட்டு வாசலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி அவள் மடியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. சென்னப்பன் அதை ஓரமாகத் தடவிப் பார்த்தான்.

"நல்ல துணி புள்ள. எனக்குச் சரியா இருக்கும்."

"நீ என்னா வேல செஞ்ச?"

"ஏன், நான்…" அவன் யோசித்தான். "அந்த வேட்டிய வெச்சிக்கிட்டு நீ என்னா பண்ணப்போற? கட்டிக்கவா போற?"

"கட்டிக்கறன், கிழிச்சி அடுப்புத் தொடைக்கறன், சும்மா வெச்சிப் பாக்கறன். உனக்கென்னா? இது என் பேரச் சொல்லிக் குடுத்தது மாமா."

அவன் கையைக் கட்டிக்கொண்டு குளிரில் ஒடுங்கி உட்கார்ந்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மடிப்பை உதறி வேட்டியை அகல விரித்துத் தன்மேல் போர்த்திக்கொண்டாள். மீந்த பாதியைத் தூக்கி அவன் தோளில் போட்டாள்.

"பாதிதான்" என்றாள். "ஏணி புடிச்சதுக்கு."